பட்ஜெட் வாரத்தில் இலங்கை: பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 17, 2025, திங்கள் – கொழும்பு

நிதியமைச்சர் பொறுப்பையும் தம்மிடமே வைத்திருக்கும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, தமது அரசின் முதல் வரவு செலவுத் திட்டத்தை இன்று காலை நாடாளுமன்றத்தில் வாசித்தார். இந்த ஆண்டு வருவாய் ஏறத்தாழ 4.99 லட்சம் கோடி ரூபாய், செலவு 7.19 லட்சம் கோடி. அந்தச் செலவில் வட்டிக்கு மட்டும் 2.95 லட்சம் கோடி. அரசுக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 59 ரூபாய் பழைய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உர மானியம், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் மீதி 41 ரூபாயிலும் புதிதாக வாங்கும் கடனிலும் சமாளித்தாக வேண்டும். (இந்தக் குறிப்புகளில் வரும் தொகைகள் எல்லாம் இலங்கை ரூபாய். நம் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இப்போது மூன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது.)

பணிக்காலம் முழுவதையும் தமிழ்நாட்டு வணிகவரித் துறையில் கழித்தவனுக்கு இதைவிட நல்ல சுற்றுலாக் காலம் அமையாது என்று வீட்டில் கேலி செய்தார்கள். இந்த வாரத்தைப் பார்த்துத்தான் நானும் டிக்கெட் போட்டேன். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட இயலாது என்று கைவிரித்த நாடு இது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைவாசி 69.8 சதவீதம் ஏறியது. இப்போது அந்த விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிறது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு 600 கோடி டாலர் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. பெட்ரோல் வரிசை இல்லை, எரிவாயு வரிசை இல்லை. நாடு எழுந்து நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுந்து நிற்பதற்கான பணம் யாருடைய மடியிலிருந்து வந்தது என்பதை ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

வரித்துறைக்காரன் பார்வையில் இந்த நாட்டின் வீழ்ச்சிக்கு ஒரு தேதி உண்டு. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானதும், இங்கே 'வற்' எனப்படும் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அதைவிட மோசமான காரியம், அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பை 1.2 கோடியிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தியது. விகிதத்தைக் குறைத்தால் ஒரு கையெழுத்தில் மறுபடியும் கூட்டிக்கொள்ளலாம். பதிவேட்டை விட்டுப் போன வியாபாரியைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பது எங்கள் துறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். அடுத்து கொரோனா வந்து சுற்றுலாவை முடக்கியது. 2022இல் அரசின் வருவாய் நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறத்தாழ 300 கோடி டாலருக்கான ஒப்பந்தம் வந்தது. இலங்கை அந்த வாசலுக்குப் போவது அது 17ஆவது முறை. வற் வரி 2022 ஜூனில் 12 ஆகவும், செப்டம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாகவும் ஏறியது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த பெட்ரோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் அந்தக் கடைசி உயர்வோடு வலைக்குள் வந்தன. தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 36 சதவீதமானது; டாக்டர்களும் என்ஜினியர்களும் தெருவுக்கு வந்து போராடினார்கள், பலர் விமானம் ஏறினார்கள். அவர்களுடைய குரல் உரக்கக் கேட்டது. கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் வரிக்கு ஊர்வலம் போக முடியாது.

மாலையில் காலி முகத்திடலுக்குப் போனேன். 2022இல் கோட்டாபய பதவி விலக வேண்டும் என்று கேட்டு, 'கோட்டா கோ கம' என்று கூடாரம் போட்டு மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த இடம். இப்போது இறால் வடை வண்டிகளும் பட்டம் விடும் பிள்ளைகளும். தெற்கே பார்த்தால் நட்சத்திர ஓட்டல்கள். வடக்கே கடலைத் தூர்த்து உண்டாக்கிய 269 ஹெக்டேர் துறைமுக நகரம். அங்கே முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு 40 ஆண்டுகள் வரை வரிச்சலுகை தரலாம் என்று 2021இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். வடைக்காரரிடம் ரசீது கிடையாது, பதிவும் இருக்காது. ஆனாலும் அவர் வாங்கும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் வரி ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவரால் அதைத் திரும்பக் கேட்கவும் முடியாது. உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி பதிவு பெற்றவருக்கு மட்டும்தானே.

ஆட்டோ ஓட்டுநர், வத்தளையைச் சேர்ந்த தமிழர், பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "போன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஞாயிறு ஒரு குரங்கு முழு நாட்டுக்கும் கரண்டை நிப்பாட்டினது ஐயா. அதைவிட இவங்க மோசமா ஒண்டும் செய்யல்ல." பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் பிப்ரவரி 9 அன்று குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதால் நாடே இருண்டதைத்தான் சொன்னார். மின்கட்டணத்தைக் கடந்த மாதம் 20 சதவீதம் குறைத்ததில் அவருக்குத் திருப்தி. அதற்கு முன் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தியிருந்தார்கள் என்பதை அவரே நினைவூட்டினார்.

பட்ஜெட் உரையில் நான் தேடிய ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பெரிய வீடுகள், காலி மனைகள் மீதான சொத்து வரி பற்றி நிதியத்தோடு செய்துகொண்ட திட்டத்தில் பேச்சிருந்தது. இன்றைய உரையில் அதற்குச் செயல்வடிவம் இல்லை. இடதுசாரி மரபில் வந்த கட்சி, 225 பேர் கொண்ட சபையில் 159 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, வற் வரியை அப்படியே விட்டுச் சொத்து வரியைத் தள்ளிப்போடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய் – ஹட்டன் செல்லும் ரயிலில்

காலை ரயில். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கி, வெள்ளைக்காரப் பயணிகள் கதவில் தொங்கிப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் வந்தார். கண்டியில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் பேராதனையில் ஏறியவர். அவரிடம் கேட்டறிந்த விஷயம் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் நான் சரியாகப் படிக்காத ஒன்று.

வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களிடம் தள்ளுபடி கேட்கும்போது உள்நாட்டுக் கடனையும் கொஞ்சம் சீரமைக்க வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் அதைத் தொடங்கினார்கள். வங்கிகளைத் தொடவில்லை, தொட்டால் வங்கிகள் விழும், அவை ஏற்கனவே அதிக வரி கட்டுகின்றன என்றார்கள். சுமை போய் இறங்கிய இடம் ஊழியர் சேமலாப நிதி, நம் ஊர் வருங்கால வைப்பு நிதிக்குச் சமமானது. அந்த நிதி கையில் வைத்திருந்த அரசுப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. பேச்சுவார்த்தை என்று பெயர், ஆனால் எதிர்ப்பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த கடன்பத்திரக்காரர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பேரம் பேசி 2024 டிசம்பரில்தான் சுமார் 1,255 கோடி டாலர் பத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள். தையல் ஆலைப் பெண்ணுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அப்படி யாரும் வரவில்லை. "விலைவாசி இரண்டு மடங்கான காலத்தில் எங்கள் சேமிப்பு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு வட்டியையும் குறைத்தார்கள்" என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னார்.

ஹட்டனில் இறங்கியபோது மழை.

பிப்ரவரி 19, புதன் – ஹட்டன், டிக்கோயா பக்கம் ஒரு தோட்டம்

உறவுக்காரர் ஒருவரின் நண்பர், ஆசிரியர், என்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே பெயர் வெளியானால் வேலையில் உள்ளவர்களுக்குத் தொல்லை.

காலை ஏழரைக்குப் பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்து மலைக்குப் போய்விடுகிறார்கள். கொழுந்துக்கூடை என்பது படங்களில்தான். இங்கே நான் பார்த்த பெண்கள் எல்லோரும் நெற்றியில் கயிறு மாட்டி நைலான் சாக்குப் பையையே முதுகில் தொங்கவிட்டிருந்தார்கள். நீலகிரியில் இருப்பது போலக் கத்தரிக்கோல் அதிகம் இல்லை, பெரும்பாலும் கைக்கொழுந்துதான். பதினொன்றரை மணி நிறுவையில் ஒரு பெண்ணின் பை 8 கிலோ காட்டியது. ஈரத்துக்கும் பைக்கும் என்று கழித்துக் கணக்கில் 7 எழுதினார் கணக்கப்பிள்ளை. நாளொன்றுக்கு 18 அல்லது 20 கிலோ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அது குறைந்தால் அன்றைய 'பேர்', அதாவது ஒரு நாள் கூலிக்கான பதிவு, பாதியாகிவிடும். "காட்டுல புல்லு மண்டிக் கெடக்கு, மருந்து அடிக்க ஆள் இல்ல, உரமும் இல்ல. கொழுந்து எங்கருந்து வரும்? அரைப்பேரு போட்டுட்டுப் போயிடுறாங்கய்யா" என்றார் அந்தப் பெண்.

சம்பளத்தின் கதை நீண்டது. 2021இல் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். 2024 மே தினத்தை ஒட்டி 1,700 என்று அப்போதைய அரசு வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்தது. தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போக, அது நின்றுபோனது. செப்டம்பரில், ஜனாதிபதி தேர்தலுக்குச் சற்று முன்னர், சம்பளச் சபை வழியாக 1,350 நிச்சயமானது; அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்குத் தனிக்காசு. நேற்று முன்தினம் வாசித்த பட்ஜெட்டில் 1,700 ரூபாய்க்கு உயர்த்த நடவடிக்கை எடுக்கப்படும் என்று மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாதத்திலிருந்து என்று சொல்லவில்லை. அதே உரையில் அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகிறது, தவணை விவரத்தோடு. அரசு தன் கஜானாவிலிருந்து தருவதற்குத் தேதி போட முடிகிறது, கம்பெனி தர வேண்டியதற்குப் போட முடியவில்லை என்பது புரிகிறது. ஆனால் 1992இல் தோட்டங்களை 22 கம்பெனிகளிடம் குத்தகைக்குக் கொடுத்ததும் இதே அரசுதான். நிலம் இன்றும் அரசினுடையது.

கம்பெனிகளின் வாதத்தையும் பதிந்துவிட வேண்டும். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது; அவர்கள் வீட்டு ஆட்களை வைத்துப் பறிப்பவர்கள், லயத்தையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பிள்ளைக்காம்பராவையும் (குழந்தைகள் காப்பகம்) ஆஸ்பத்திரியையும் பராமரிக்க வேண்டியதில்லை. பெருந்தோட்டத்தின் கூலிச்செலவு அவர்களோடு போட்டியிட முடியாது என்கிறார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். அப்படியானால் லயங்களும் பிள்ளைக்காம்பராவும் பொதுநிர்வாகத்தின் பொறுப்புக்குப் போயிருக்க வேண்டும். கம்பெனியும் பார்க்காமல் அரசும் ஏற்காமல் நூற்றாண்டுப் பழைய தகரக்கூரையின் கீழ் அந்த வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

மாலையில் அந்தப் பெண்ணின் லயத்து அறையில் தேநீர் குடித்தேன். உலகத்துக்குத் தேயிலை ஏற்றிச் சுமார் 140 கோடி டாலர் ஈட்டும் நாட்டில், கொழுந்து பறிப்பவர் வீட்டில் கிடைப்பது தோட்டம் தரும் தூள். அதற்கும் சம்பளத்தில் பிடித்தம். அவர் எடுத்துக் காட்டிய சம்பளத்துண்டை வரி வரியாகப் படித்தேன். 18 நாள் 'பேர்', 1,350 வீதம் 24,300. சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 1,944. முற்பணம் 7,000. தீபாவளிக் கடன் தவணை 2,000. அதற்குக் கீழே தொழிற்சங்கச் சந்தா, கோவில், தூள். கையில் வந்தது 12,700 சொச்சம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் கொஞ்சம் அனுப்புகிறார். பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள்.

பிடித்தம் போன அந்த 1,944 ரூபாய்தான் நேற்று ரயிலில் பேசிய நிதிக்குப் போகிறது என்பதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, சொல்லவில்லை.

இந்த நாட்டின் வரி மகசூலில் பெரும்பகுதி மறைமுக வரி. அதன் பொருளை இந்த அறையில் பார்க்கலாம். அரிசிக்கும் காய்கறிக்கும் வற் வரி விலக்கு உண்டு. எரிவாயு, சோப்பு, பற்பசை, செல்பேசி ரீலோட் ஆகியவற்றுக்கு இல்லை. சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் தனித் தீர்வை. 2020 அக்டோபரில் அந்தத் தீர்வையை 50 ரூபாயிலிருந்து 25 சதமாக, அதாவது கால் ரூபாயாக, குறைத்தார்கள். கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை; இடையில் உள்ள இறக்குமதியாளரிடம் பணம் தங்கியது. பிறகு 2023 நவம்பரில் மீண்டும் 50 ரூபாய் ஆக்கினார்கள். அந்த உயர்வு மட்டும் உடனே கடைக்கு வந்து சேர்ந்தது. வரி குறையும்போது வழியில் தங்குவதும் கூடும்போது நேரே வந்து சேர்வதும் எந்த நாட்டிலும் பார்க்கக்கூடியதே. தமிழ்நாட்டில் நான் அதை எத்தனையோ பொருட்களில் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய சுமைக்கு மாற்றாகத்தான் 'அஸ்வெசும' என்ற உதவித் திட்டம் வந்தது. பழைய சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023 ஜூலையில் தொடங்கியது. வறிய குடும்பத்துக்கு இந்த ஜனவரியிலிருந்து மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. தொகை மோசமில்லை, வங்கிக் கணக்கில் நேரடியாக வருவதால் அரசியல்வாதியின் கையை எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. சிக்கல் தேர்வில் இருக்கிறது. 22 குறியீடுகளை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். மின்சாரம் எவ்வளவு செலவாகிறது, வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்பதெல்லாம் அதில் சேரும். இந்த லயத்தில் மூன்று வீட்டுக்கு ஒரே மீட்டர். மீட்டர் இருக்கும் வீடு இவருடையது. "கட்டணம் மூணு வீட்டுலயும் பிரிச்சுத்தாங்கய்யா கட்டுறோம். படிவத்துல எல்லாம் என் பேருல போச்சு" என்றார். மேன்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரதேச செயலகத்துக்கு இதுவரை மூன்று தடவை போனதில் மூன்று நாள் 'பேர்' போய்விட்டது, அதாவது 4,050 ரூபாய்.

உலக வங்கியின் மதிப்பீட்டில் இன்று இலங்கையில் நான்கில் ஒருவர் வறுமையில் இருக்கிறார். 2019இல் அது ஒன்பதில் ஒருவர் என்ற அளவு. இப்படிப்பட்ட நேரத்தில் யார் ஏழை என்று சல்லடை போட்டுச் சலிப்பதைவிட, தோட்டம் போன்ற பகுதிகளில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தகுதியில்லாதவரை நீக்குவது மலிவு என்பது என் கருத்து. நம் ஊர் பொது விநியோக முறையில் வளர்ந்த பழக்கத்தில் நான் இப்படிச் சொல்வதாக ஆசிரியர் சிரித்தார். இருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன் – பொலன்னறுவை

கண்டி, தம்புள்ளை வழியாக நாள் முழுவதும் பஸ். ஹபரணைப் பக்கம் இன்று அதிகாலை ரயில் மோதி ஆறு யானைகள் செத்துவிட்டதாகப் பஸ்ஸில் எல்லோரும் அதே பேச்சாக இருந்தார்கள்.

இது பெரும்போக அறுவடைக் காலம். தார்ச்சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது. பஸ் மறுபக்கத்தில் ஒதுங்கி ஊர்கிறது. கதுறுவெலையில் நெல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் விளக்கினார். நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று இம்மாத ஆரம்பத்தில் அரசு விலை வைத்தது. அதற்கு ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறுவடை இயந்திரத்திலிருந்து வரும் நெல் அந்த அளவில் இருக்காது. காயப்போடக் களம் இல்லாத சிறு விவசாயி சாலையில் கொட்டுகிறார், அல்லது ஈரத்தோடு வந்த விலைக்குத் தள்ளுகிறார். களமும் கிடங்கும் உலர்த்தும் இயந்திரமும் உள்ளவர் பெரிய ஆலைக்காரர்; அவர் வாங்கி வைத்துவிட்டு மெதுவாக விற்கலாம். ஆக, உத்தரவாத விலை யாருக்கு உத்தரவாதம் என்பது கிடங்கு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அரிசிக்கு உச்ச விலை கடந்த டிசம்பரில் வந்தது; நாட்டரிசி சில்லறையில் 230. அந்த விலையில் பல கடைகளில் அரிசியே கிடைக்காமல் போனது. டிசம்பரிலும் ஜனவரியிலும் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தார்கள், ஆனால் கிலோவுக்கு 65 ரூபாய் தீர்வையோடு. இந்தத் தீர்வை விவசாயியைக் காப்பதற்கு என்று சொல்லப்படுகிறது. அறுவடை இல்லாத மாதத்தில் விவசாயி கையில் நெல் இருக்காது. அப்போது அது காப்பது ஆலைக்காரரின் கையிருப்பை. இந்த அரசும் அதை எடுக்கவில்லை, 65 ரூபாய் கஜானாவுக்கு வேண்டியிருக்கிறது.

பெரியவரின் உதவியோடு ஒரு சிங்கள விவசாயியிடம் பேசினேன். 2021இல் ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடைசெய்த காலத்தை இங்கே எல்லோரும் வெறுப்போடுதான் சொல்கிறார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டாலும் அந்தப் போகம் போய்விட்டது. டாலரை மிச்சப்படுத்தச் செய்த காரியத்தை இயற்கை வேளாண்மை என்று பெயரிட்டுச் செய்ததால், இனி உண்மையான இயற்கை வேளாண்மைக்கும் இந்த மண்ணில் பல வருடத்துக்கு ஆள் கிடைக்காது. இப்போது ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் உர மானியம் உண்டு. இவருக்கு அது வந்தது, ஆனால் அடியுரம் போட வேண்டிய வாரம் கடந்த பிறகு வந்தது. கடையில் கடனுக்கு வாங்கிப் போட்டுவிட்டார். அந்தக் கடனை அடைக்கத்தான் நெல்லை ஈரத்தோடு விற்கிறார்.

பிப்ரவரி 21, வெள்ளி – யாழ்ப்பாணம் செல்லும் வழியில்

அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு. இரவில் வந்து சேர்ந்தேன். வழியில் குறித்துக்கொண்டது ஒன்றே: பிப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டின் வருவாய் இலக்கான, நாட்டு உற்பத்தியில் 15.1 சதவீதம், பெரிதும் இந்தக் கார்களின் தீர்வையை நம்பியிருக்கிறது. கார் வாங்குவோர் கட்டட்டும், நல்லதுதான். ஆனால் ஒருமுறை வரும் அந்தத் தீர்வையை ஆண்டுதோறும் வரும் வருவாயாக எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. அடுத்த ஆண்டும் அத்தனை கார் வந்தால் டாலர் போகும், வராவிட்டால் வரி போகும்.

பிப்ரவரி 22, சனி – யாழ்ப்பாணம்

இந்த ஊரில் பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது நூலகம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். வடமாகாணச் சாலைகளுக்கு 500 கோடி, முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி. 2009இல் போரின் கடைசி நாட்களில் மக்கள் திரள் திரளாகக் கடந்து வந்த பாலம் அது. பதினாறு ஆண்டுகளாக அப்படியே இடிந்து கிடக்கிறது. இந்த மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி வென்றதற்கு இது கைம்மாறு என்கிறார்கள் சிலர். எதற்காகக் கொடுத்தால் என்ன, பாலம் தேவைதான்.

பருத்தித்துறையில் கரையோரம் மீனவர்களிடம் உட்கார்ந்திருந்தேன். சிறு படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. இப்போது 180க்கு மேல். மானியத்தை விலையிலிருந்து எடுத்துவிட்டுத் தேவைப்பட்டோருக்கு நேரடியாகக் கொடுப்பது என்பது நிதியத்தின் கொள்கை. ஏட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. விலை ஏறியது ஒரே இரவில், மீனவருக்கான எரிபொருள் உதவி வந்ததோ இரண்டு ஆண்டு கழித்து. அந்த இடைவெளியில் குடும்பங்கள் என்ன செய்தன என்று கேட்டேன். நகை அடகு, பிறகு குழுக்கடன்.

குழுக்கடன் என்பது பத்துப் பெண்களைச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணையாக வைத்துக் கொடுப்பது. தவணை வாராவாரம், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் வாசலில் நிற்பார்கள். 2018இல் ஆண்டு வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். உச்சவரம்பே 35 என்பதை வைத்து அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பெண்கள் தங்கள் தவணை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரே பெண்ணிடம் மூன்று நிறுவனத்தின் அட்டை: திங்கள், புதன், வெள்ளி. ஒன்றை அடைக்க அடுத்தது. சேமிப்புக்கும் கடனுக்கும் கிராமத்திலேயே சிக்கனக் கூட்டுறவுச் சங்கங்கள் வடக்கில் பழைய காலத்திலிருந்து உண்டு. போருக்குப் பின் அவற்றுக்கு மூலதனம் போடாமல் கடன் கம்பெனிகளுக்கு வழிவிட்டது, இங்கே வரி விகிதத்தைவிடப் பெரிய கொள்கைப் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சங்கங்களில் ஒன்றைப் பார்த்தேன். பூட்டியிருக்கவில்லை, வாரத்தில் இரண்டு நாள் திறக்கிறார்களாம். மாதம் ஒன்றரை சதவீத வட்டி.

கரையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியையும் எழுதாமல் விட முடியாது. "மண்ணெண்ணெய் விலை குறைஞ்சாலும் உங்கட ஆக்கள் இழுவைப்படகோட வந்து வலையை அறுத்துக்கொண்டு போனா எங்களுக்கு என்ன மிஞ்சும், ஐயா?" என்றார் ஒரு நடுவயதுக்காரர். அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கடந்த ஆண்டு மட்டும் ஐநூறுக்கும் மேற்பட்ட நம் மீனவர்கள் கைதானார்கள். நம் பத்திரிகைகளில் அந்தக் கைதுகள் செய்தியாகின்றன, அறுந்த வலைகள் செய்தியாவதில்லை. அவர் காட்டிய வலையில் பாதிக்கு மேல் இல்லை. மீதியை விரித்து, எங்கே இழுவைப் பலகை பட்டது, எங்கே கத்தியால் அறுத்தது என்று தனித்தனியாகக் காட்டினார். புது வலைக்கு ஆகும் தொகையைச் சொன்னார். அது குழுக்கடன் இரண்டு எடுத்தால்தான் வரும். வலைக்கு வற் வரி எவ்வளவு என்று வழக்கமான கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வரும் 25ஆம் தேதி பட்ஜெட்டின் இரண்டாம் வாசிப்புக்கு வாக்கெடுப்பு. 159 பேர் கையில் இருப்பதால் முடிவில் பரபரப்பு இல்லை. வெளிநாட்டுக் கடனின் பெரிய தவணைகள் 2028இல் மறுபடியும் தொடங்குகின்றன. அதுவரை கிடைத்திருக்கும் மூச்சு விடும் நேரத்தில் சொத்து வரி வருகிறதா, அரிசித் தீர்வை மாறுகிறதா, டிக்கோயாவில் அந்த மேன்முறையீட்டுக்குப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியரிடம் என் எண்ணைக் கொடுத்து வந்திருக்கிறேன். 1,700 ரூபாய் முதல் தடவை சம்பளத்துண்டில் ஏறும் மாதம் தகவல் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.